காண்டிராக்டர் வீட்டு மலைப்பாம்பு

டிசம்பர் 4, வியாழன்
விடாத தூறல். ஜமுனாமரத்தூர் கால்நடை மருந்தகத்தில் ஒழுகல், பஞ்செல்லாம் ஈரம். பஸ் மலை ஏறி வரவில்லை. புளி காண்டிராக்டர் ஜீப் அனுப்பினார். பங்களா முற்றத்தில் சிமெண்டுத் தொட்டி, சில்லென்று தண்ணீர், அதில் அவர் வளர்க்கும் மலைப்பாம்பு. விருந்தாளிகளிடம் பெருமை: "எப்டி சீறுது பாருங்க!"

சீற்றமாவது. நெஞ்சில் சளி. வாய் பிளந்து, தலையைத் தூக்கி மூச்சுக்குத் தவிக்கிறது. மூக்கில் நுரை. விருந்தாளிகளில் ஒருவர் வன அதிகாரி. முயல் பிடித்த மலைக்காரரைப் போன வாரம் உள்ளே தள்ளியவர்.

காண்டிராக்டர் தனியாக அழைத்தார். "காப்பாத்திடுங்க டாக்டர். கலசப்பாக்கத்துக்கு மாத்தல் கேட்டிருக்கீங்களாமே, மேல பேசறேன்."

சரி என்றேன். இந்த மலையை விட்டு இறங்க வேறு வழி?

டிச. 6
தேவை: உலர்ந்த சாக்கு, பெட்டி, சூடு. கரண்ட் இல்லை. சூடான இடம் பங்களா அடுப்படி மட்டும். சமையல்காரி கன்னியம்மா கரண்டியோடு வாசலை மறித்தாள். "இன்னா சார், இந்தப் பக்கம் கொழம்பு, அந்தப் பக்கம் பாம்பா? எதைன்னு நான் பாக்குறது?" பிறகு அவளே விறகுப் பெட்டியைக் காலி செய்தாள்.

உடம்பின் முன்பாதியில் ஊசி. இரை நிறுத்தம். மருந்து, மாடுகளுக்கு வந்தது.

டிச. 9
இரண்டாம் ஊசி. நுரை குறையவில்லை.

மருந்தக வாசலில் நெல்லிவாசல்நாடு கிராமத்துக்காரர் ஒருவர், இருமும் கிடேரியோடு. "எம்மாடு இருமுனா மருந்து வரல, அப்றம் வான்றீங்க. பாம்பு இருமுனா ஜீப்பு வருதா?"

கடைசிக் குப்பி பாம்புக்கென்று எடுத்து வைத்தது. பாதியைக் கிடேரிக்குப் போட்டேன். பாதி. அவ்வளவுதான் என் வீரம்.

டிச. 23
வாய் மூடி மூச்சு. சத்தமே இல்லை. எலி விழுங்கியது. "எல்லாம் என் அடுப்பு வைத்தியம், உங்க ஊசி இல்ல" என்கிறாள் கன்னியம்மா. இருக்கலாம்.

டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினேன்.

டிச. 26
பங்களாவில் விருந்து. அடுப்படியில் கூட்டம். சீறும் என்று காத்திருந்தார்கள். பாம்பு சுருண்டு கிடந்தது.

"இன்னா டாக்டர், ஊமையாக்கிட்டீங்க?" என்றார் காண்டிராக்டர். சிரிப்பு. "தொட்டியிலயே வுடுங்க. அங்கதான் நல்லா சீறுச்சி."

"ஈரத்துல மறுபடி சளி கட்டும்."

"கட்டட்டுமே. நீங்கதான் இருக்கீங்களே! இப்டி ஒரு கைராசிக்காரர எறங்க வுடலாமா? மாத்தல் வேணாம்னு மேல சொல்லிட்டேன்."

வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். நான்தான் தூக்கினேன். முற்றம் வரை என் தோளில். உடம்பு இளஞ்சூடாக இருந்தது. தொட்டியில் இறக்கினேன்.