நாற்பது ரிங்கிட் பவர் சப்ளை

மச்சான்,

மௌத்தான என் உம்மாவின் குரலுக்கு நீங்கள் போட்ட விலை நாற்பது ரிங்கிட். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் சொன்ன நூற்றறுபது ரிங்கிட் பவர் சப்ளையை வேண்டாம் என்றுவிட்டு, "தூக்கிப் பார்த்தேன் ஹஃபீஸா, நல்ல கனம் லா, அசல் சாமான்" என்றீர்கள். அதென்ன பலாப்பழமா? ஹார்ட் டிஸ்க்கையும் கெடுத்துவிட்டு எரிந்துபோனதைத் திறந்து பார்த்தேன். கனத்துக்காக உள்ளே இரும்புத் துண்டை ஒட்டியிருக்கிறான். வாப்பா கடைப் புளி மூட்டையிலேயே நான் பார்த்த வேலைதான் இது.

உம்மா உயிரோடிருந்தபோது பேசிய பதிவுகள் இருந்த அந்த டிஸ்க்கை, ஜெலாப்பாங்கில் டிஸ்க் மீட்டுத் தரும் கடைக்கு எடுத்துப் போகிறேன். சோறும் மீன் ஆணமும் அடுப்பில் இருக்கின்றன. தொட்டுக்கொள்ள மேசைமேல் அந்த இரும்பு இருக்கிறது.

பி.கு: நீங்கள் மிச்சம் பிடித்தது நூற்றிருபது. டிஸ்க்கை மீட்க எழுநூறாம். குரல் கிடைக்காவிட்டால் கடைக்காரர் ஒரு காசும் கேட்க மாட்டாராம்.

நான் கேட்பேன்.