மருதை அண்ணனின் வாய் அச்சு

என் மூக்கால் பேசின ராசா, மருதை அண்ணே,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைக்கிறேன். எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. இந்த வயதில்! மூத்தவள் சரோஜாவைப் பெண் பார்க்கப் பூனாகலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் வயிற்றைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள், பிறகு தேத்தண்ணியை மட்டும் பார்த்துக் குடித்துவிட்டுப் போனாள். நீ செத்த மாதத்தையும் இவள் பிறந்த மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்காதே. மானம் போகும்.

பெண் பிள்ளை. உன் வாயோடு பிறந்திருக்கிறாள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மருதை மேல் உதடு பிளந்து, உள்ளே அண்ணமும் பிளந்து பிறந்தவன். அதைத் தைக்கலாம் என்று அந்தக் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. அப்படியே வளர்ந்தான், அப்படியே மீசை வைத்தான், அப்படியே நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். அவன் பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான் வரும். எனக்கு மட்டும்தான் விளங்கும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும்போது, அவன் சொல்வதைக் கணக்கப்பிள்ளைக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன்.

"காய்ச்சல், இன்னைக்கு முடியாது" என்று நீ சொன்னால், "ஐயா இன்னைக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்களாம்" என்பேன். நீ என்னைத் துரத்திக்கொண்டு ஓடுவாய். அந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்கென்ன காய்ச்சல் என்று மலைக்கு அனுப்பிவிடுவார்கள். நினைவிருக்கிறதா?

பிள்ளை பிறந்ததும் மருத்துவிச்சி தூக்கிக் காட்டினாள். நான் பார்ப்பதற்குள் பிள்ளை அழுதுவிட்டாள். அந்தச் சத்தத்தில் எங்கள் லயத்து வரிசை வீடெல்லாம் அடங்கிப் போனது. மலை உச்சியிலிருந்து ராமாயி என்பதை "ஙாமாயீ" என்று கூப்பிடுவாயே, அந்தக் குரல்தான் அண்ணே. சின்னதாக, ஈரமாக, அதே குரல். வெளியே நின்ற உன் மச்சான், அதுதான் என் வீட்டுக்காரர், "மச்சான்!" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தார். ஒரே வெற்றிலைப் பையில் கைவிட்டுத் தின்ற ஆட்கள்தானே நீங்கள் இரண்டு பேரும்.

"கிரகணத்துல வெளிய வந்தியாடி?" என்று கேட்டாள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா பெரியக்கா.

"கிரகணம் எங்கக்கா, கொழுந்துக் கூடைய எறக்கி வைக்கவே நேரமில்ல" என்றேன்.

"அப்ப ஒன் அண்ணன்தான்டி. சந்தேகமே இல்ல. ஆளு வந்துட்டாரு."

நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அண்ணே, அவள் என் பக்கம் பார்த்துப் படுக்கவே மாட்டாள். கழுத்து நிற்காத பிள்ளை, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பலகைத் தட்டைத்தான் பார்ப்பாள். பாயை மாற்றிப் போட்டேன். அப்போதும் அதே பக்கம். துணி போட்டு மூடினேன். துணியை எடுக்கும்வரை அழுதாள்.

அந்தத் தட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது உன் வாய்.

அந்த வாய் வந்த கதை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. உதடு தைக்காமலே வளர்ந்த பெரிய ஆட்கள் யாராவது இருந்தால் பதுளை ஆசுபத்திரிக்கு வரட்டும், டாக்டர்கள் பார்க்க வேண்டுமாம் என்று ஒருநாள் பெரட்டில் சொன்னார்கள். பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று நீ பயந்தாய். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு காதிலும் கம்பியைச் செருகித் தலையை அசையாமல் நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு தட்டில் இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்து மேல்வாயில் அமுக்கினார்கள். அது பிளவு வழியாக ஏறி மூக்கால் எட்டிப் பார்த்தது. அந்தப் பசைத் தடத்தில் சாந்து மாதிரி மாவைக் கரைத்து ஊற்றி இறுகவிட்டு எடுத்தால், வெள்ளை வெளேரென்று உன் மேல் தாடையும் கீழ்த் தாடையும்! இடது பக்கத்துப் பிளவு, அதையொட்டித் திருகி நின்ற பல், எல்லாம் அப்படியே.

"எனக்கும் ஒண்ணு வேணும்" என்று நீ சொன்னதை அன்றைக்கு மட்டும் ஒழுங்காக எடுத்துச் சொன்னேன். டாக்டரம்மா இன்னொன்று செய்து கொடுத்தார்.

"ஒரு வாய்க்கே சோறு போட்டு முடியல, இன்னொரு வாயா?" என்றேன். பஸ்ஸில் நீ அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். போட்டோ என்றால் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிற நீ, அதை மட்டும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாய். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

பிள்ளைக்குப் பால் மூக்கால் வந்தது. கரண்டியில் சொட்டுச் சொட்டாக ஊற்றியும் மெலிந்துகொண்டே போனாள். தெமோதரை வரைக்கும் நடந்து, பஸ் பிடித்து, அதே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். சிங்கள வாடையடிக்கும் தமிழில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒரு கண்ணாடி அலமாரி. அதில் முழுக்க வாய்கள்.

தட்டுத் தட்டாக, வரிசை வரிசையாக, எல்லாம் வெள்ளை. கண் இல்லை, மூக்கு இல்லை, ஆள் இல்லை. திறந்த வாய்கள் மட்டும். அத்தனை வாய் ஓரிடத்தில் கூடியும் ஒரு சத்தம் இல்லை. என் மடியில் இருந்தவள் தலையைத் திருப்பி ஒன்றையே பார்த்தாள். டாக்டரம்மா எழுந்துபோய் எடுத்ததும் அதைத்தான். உன்னுடையது.

பக்கத்தில் இன்னொன்றையும் எடுத்து வைத்தார். சின்ன வயதிலேயே அண்ணம் தைத்து வளர்ந்த யாரோ ஒருவருடையது. "பாருங்க, தைச்ச தழும்பு இறுகி இழுத்துப் பிடிச்சிருக்கு. மேல் தாடை முன்னால வளராம நின்னுடுச்சு. முகம் நடுவுல குழிஞ்சிடும். உங்க அண்ணனுக்குக் கத்தியே படல்ல. தாடை நல்லா வளர்ந்திருக்கு."

"அப்ப தைக்காம விட்டுடலாமா அம்மா?"

"ஐயோ, இல்ல. தைக்காட்டி பேச்சு வராது, சாப்பாடு இறங்காது. எலும்புக்குத் தானா வளரத் தெரியும், தழும்புதான் தடுக்குதுன்னு இந்த மாதிரி வாய்களைப் பார்த்துத்தான் நாங்க படிக்கிறோம். இவளுக்கு உதட்டை இப்ப தைப்போம். அண்ணத்தைப் பிறகு, அளவு பார்த்து, பக்குவமா. அப்பாவும் வந்து சரின்னு சொல்லணும்."

அப்பா சரி என்று சொல்லவில்லை.

"வந்த மனுசன வெட்டித் தைக்கச் சொல்றியா? உசுரோட இருந்தப்ப ஒருநாளாவது அவர நான் கை நீட்டிப் பேசியிருக்கேனா?"

"ஏங்க, பிள்ளை பால் குடிக்க முடியாமக் கெடக்கு."

"மச்சான் இப்படியே வளரலையா?"

"வளர்ந்தாரு. அவரு பேச்ச எடுத்துச் சொல்ல நான் இருந்தேன். நாளைக்கு இவளுக்கு யாரு இருக்கா?"

அவர் பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "என்னா பார்வை மச்சான் பாக்குறீங்க" என்றார். அழுதார் அண்ணே. சந்தோஷத்தில் அழுதார். அந்த ஆளிடம் நான் எப்படிச் சண்டை போடுவேன்?

உன் முதல் திவசம் வந்தது. இறந்தவருக்கு இலை போட்டுக் கதவைச் சாத்துவோம். கொஞ்சம் பொறுத்துத் திறந்து, தொட்ட அடையாளம் உண்டா என்று பார்ப்போம். அதுதான் நம் வழக்கம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"ஏங்க, அண்ணனுக்குப் படைப்போம். இலையில தொட்டிருந்தா அவரு அந்தப் பக்கம்தான் இருக்காரு, இது வெறும் பிள்ளை, தைச்சுடலாம். தொடாம இருந்தா அவரு என் மடியிலதான் இருக்காரு. நான் அதுக்குப் பொறகு வாயே தொறக்கல."

"நீயா வாய் தொறக்க மாட்ட?" என்றார். பிறகு பிள்ளையிடம், "மச்சான், சம்மதமா?" என்று கேட்டார். அவள் தும்மினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

சோறு, கருவாட்டுக் குழம்பு, உனக்குப் பிடித்த பருப்பு வடை, வெற்றிலை. உனக்குத்தான் படம் கிடையாதே, இலைக்குத் தலைமாட்டில் ஒரு முக்காலியில் உன் அச்சை வைத்தேன். உன்னை ஏமாற்றத்தான் நினைத்தேன், அண்ணே. சோற்றில் ஒரு விரல் பதித்துவிட்டு வந்தால் என் பிள்ளைக்கு வாய் கிடைத்துவிடும். என் விளையாட்டு உனக்குப் புதிதா? ஆனால் குனிந்தபோது அந்த அச்சு என்னைப் பார்த்தது. கண் இல்லாதது எப்படிப் பார்க்கும் என்று கேட்காதே. விரலை மடக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நம் காம்பராவுக்கு ஒரே வாசல். சன்னலும் சாத்தியிருந்தது. உன் மச்சான் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். உச்சிப் பொழுதுதான், ஆனால் பனி இறங்கி எதிர்மலை காணாமல் போயிருந்தது. சிணுங்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

உள்ளே ஒரு சத்தம். மொறுமொறுப்பானதை யாரோ மெல்லுகிற சத்தம்.

"கேட்டுச்சா?" என்றார் உன் மச்சான். 

திறந்தோம். சோறு போட்டபடி இருந்தது. குழம்பு, வெற்றிலை, எல்லாம் வைத்தபடி. ஒரு வடையில் மட்டும் ஒரு கடி. எலி கொறிக்கும்; இது கடி. பல் பதிந்து, இடப்பக்கம் ஓர் இடைவெளி விட்டு, அதையொட்டி ஒரு பல் திருகலாக. உன் மச்சான் மேல் தாடை அச்சை எடுத்து அந்தக் கடியில் வைத்துப் பார்த்தார். பொருந்தி உட்கார்ந்தது.

அச்சின் பல்லிடுக்கில் ஒரு பருப்புத் துணுக்கு இல்லை. தரையிலும் உதிரவில்லை. அந்த வாய்க்குக் கீழே தொண்டையும் இல்லை, வயிறும் இல்லை. கடித்தது எங்கே போனது, அண்ணே?

அவர் திருப்பி வைக்கப்போன மேல் தாடை தட்டி, கீழ்த் தாடை சிமெந்துத் தரையில் விழுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று துண்டாக உடைந்தது. நான் பொறுக்கி, அவருடைய வெற்றிலைச் சாமான் இருக்கும் மாடத்தில் வைத்தேன்.

"மச்சான் அங்கதான் இருக்காரு" என்றார். "பிள்ளைக்குச் சட்டையப் போடு. ஆசுபத்திரிக்கு எப்ப போகணும்?"

உதட்டைத் தைத்தாகிவிட்டது. நூல் மாதிரி ஒரு கோடுதான் தெரிகிறது. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் தட்டைப் பார்ப்பதே இல்லை. என் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். இப்போது நான்தான் அந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறேன்.

நீ எங்கே இருக்கிறாய்? கதவைச் சாத்தினால் மட்டும் வருகிற இடத்திலா? இல்லை, அந்தக் கண்ணாடி அலமாரியில் மற்ற வாய்களோடு பேசிக்கொண்டிருக்கிறாயா? அங்கே நீ சொல்வதை எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டாக்டரம்மா சொல்லும் காலத்தில் அண்ணத்தையும் தைப்போம். பல் முளைத்ததும் அவள் வாயையும் அச்செடுப்பார்களாம். அதை உன் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு திவசத்துக்கும் உனக்கு இலை உண்டு, வடை உண்டு. ஒருநாள் இவளே கதவுக்கு வெளியே நின்று, "மாமா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். யாரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது.

இன்னொன்று. மாடத்தில் வைத்திருந்த உன் கடைவாய்ப் பல்லை, சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்து, நேற்றுச் சாயங்காலம் உன் மச்சான் சுரண்டி வெற்றிலையில் தடவிப் போட்டுக்கொண்டார். காரம் போதாது என்றார்.

உன் வாய்க்கு வாயாக இருந்த தங்கச்சி,
ராமாயி