மாடிக்குப் போன வெந்நீர்

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த அக்காவுக்கு,

நேற்று மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைத்துவிட்டோம். நீ கேட்டது அதுதான். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆன பிறகு வைத்திருக்கிறேன்.

அப்போது மூலக்குளம் வீட்டில் பதினோரு பேர். அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம், என் குடும்பம், மாமா இறந்த பிறகு மகள் மதியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்ட நீ. இரண்டே பாத்ரூம். காலை எட்டு மணிக்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும். பழைய கரண்ட் கீசரில் மூன்றாவது ஆளுக்கே தண்ணீர் ஆறிப்போகும்.

"மாடியில வெயில் சும்மாதானடா காயுது. சோலார் வச்சுடு" என்றாய்.

"மழைக்காலத்துல வெயிலுக்கு எங்கக்கா போறது? நம்ம போர் தண்ணி உப்புக்கு ஆறு மாசத்துல குழாயெல்லாம் அடைச்சுக்கும்" என்றேன். கேஸ் ஹீட்டர் என்றால் திறந்ததும் சுடுதண்ணீர், எத்தனை பேர் குளித்தாலும் தீராது என்று சொல்லி அதையே வாங்கினேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் வீட்டில் எனக்குத்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு.

மாட்ட வந்தவர் அதை வெளியே, பின்பக்கச் சுவரில்தான் வைக்க வேண்டும் என்றார். மழையில் நனையும் என்று நான்தான் பாத்ரூமுக்குள் வைக்கச் சொன்னேன். "அப்ப அந்த வென்டிலேட்டரை மட்டும் எப்பவும் மூடிடாதீங்க சார்" என்றார். உனக்கு இது தெரியாது. என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

கார்த்திகை மாதம். மூன்று நாளாக மழையும் காற்றும். அம்மா குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து, "ஊசி குத்துறாப்புல காத்து உள்ள வருதுடா" என்றாள். நான் ஒரு அட்டையை மடித்து வென்டிலேட்டரில் செருகினேன். மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன். அவ்வளவுதான் அக்கா, நான் செய்தது.

மறுநாள் காலை எல்லோரும் குளித்து, பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் ஏறிய பிறகு, வழக்கம்போல நீ கடைசியாகப் போனாய். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என் பெண்டாட்டி கலாதான், "அக்கா இவ்ளோ நேரம் குளிக்க மாட்டாங்களே" என்றாள். நானும் அண்ணனும் கதவை உடைத்தோம்.

கேஸ் எரியும்போது வரும் அந்த விஷப் புகைக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது என்றார் டாக்டர். காற்றுப் போக வழியில்லாத இடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் அது சேர்ந்துகொண்டே போகுமாம். உனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்ததா? என்னைக் கூப்பிட்டாயா?

அண்ணன் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது நான் அந்த அட்டையை உருவி எடுத்தேன். காற்று வரட்டும் என்று எடுத்தேனா, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எடுத்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. ஹீட்டரில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த ஹீட்டரைக் கழற்றிப் போட்ட பிறகு எல்லோருக்கும் பச்சைத் தண்ணீர்தான். போன மாதம் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தினமும் சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். கலா அடுப்பில் அண்டா வைத்துத் தூக்கிப்போய், ஒருநாள் தன் காலிலேயே கொட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

"வீட்ல எத்தினி பேரு சார்?"

"பதினோரு பேர்" என்றேன். பக்கத்தில் நின்ற கலா மெதுவாக, "பத்து" என்றாள்.

உப்புத் தண்ணீர் என்றால் அடைக்காமல் இருக்கத் தனிச் சுருள் குழாய் வைத்த டேங்க் இருக்கிறதாம். வெயில் இல்லாத நாளில் அதே டேங்கில் கரண்டும் போட்டுக்கொள்ளலாமாம். நான் உன்னிடம் சொன்ன இரண்டு காரணத்துக்கும் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் யாரையும் கேட்கவே இல்லை, அக்கா.

இன்று காலை இரண்டு பாத்ரூமிலும் நன்றாகச் சூடாகத் தண்ணீர் வந்தது. அம்மா கொல்லைக் குழாயிலேயே குளித்துக்கொண்டாள். மதி கதவைத் தாழ் போடாமல், கலாவை வெளியே உட்கார வைத்துவிட்டுக் குளித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"மாமா, அந்தப் பழைய ஹீட்டர்ல என்னாதான் கோளாறு?"

"தெரியலம்மா."

"அன்னிக்கி எனக்கு லேசா தலைவலி மாமா. குளிச்சிட்டு வந்ததுலேர்ந்தே இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லாம வேன் ஏறிட்டேன். சொல்லியிருந்தா அம்மா உள்ள போயிருக்க மாட்டாங்கல்ல?"

பதிமூன்று வயதுப் பிள்ளை. இத்தனை நாளாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறது, தூங்கியிருக்கிறது. அவள் தலை வாரப் போய்விட்டாள்.

நீ மன்னிப்பாய் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. சொன்னால் எதுவும் சரியாகும் என்ற நம்பிக்கையும் இல்லை. மதி என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். அண்ணன் என்னை வீட்டில் இருக்க விடுவானா, தெரியாது. ஆனால் இந்தக் கடிதம் பிறர் கண்ணில் படுவதற்கு முன்னால், உன் மகளை எதிரே உட்கார வைத்து, "வென்டிலேட்டரை மூடியவன் நான், நீ ஒரு தப்பும் செய்யல" என்று சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி