நெய்யாற்றின்கரையில் கொடுத்த தந்தி

18 ஏப்ரல் 1990, புதன்

எழுதிப் பார்த்தால் தெளியும் என்று நினைக்கிறேன்.

1. மகன் வில்சனின் ராணுவ ஹெலிகாப்டர் யூனிட் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் புறப்பட ஆயத்தமாகிறது. எஞ்சினுக்குள் மணல் போகாமலிருக்க வடிகட்டி பொருத்துவதாகவும், பச்சையின் மேல் மண்ணிறம் அடிப்பதாகவும் எழுதியிருக்கிறான். சண்டை வரும் என்கிறது பேப்பர்.

2. அவன் ஓட்டுபவன் அல்ல, பழுது பார்ப்பவன். அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் அந்த வேலையைச் செய்வான்.

3. தானாக லீவு கேட்கமாட்டான். 'தகப்பன் சீரியஸ்' என்று தந்தி போனால் விடுவார்கள். இந்தப் பக்கத்துப் பட்டாளக்காரர் வீடுகளில் இது புதிதல்ல.

4. அவனைப் பெற்ற லீலாபாயால் தாங்க முடியாது. அவளுக்காகத்தான் இது.

நாலும் சரியாகத்தான் இருக்கின்றன. பின் ஏன் மூன்றாம் முறையாகப் படித்துப் பார்க்கிறேன்?

19 ஏப்ரல்

பாறசாலையில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். ஆகவே நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினேன். தந்தி கவுண்டரில் இருந்த பெண் தாளை வாங்கிப் படித்தாள்.

"சீரியஸ் ஆருக்காக்கும்?"

"வில்சனுக்க அப்பனுக்கு."

"ஒங்களுக்கு அவரு ஆரு?"

"வேண்டப்பட்டவர்."

"பாவம். சுகமாயிரும் சாரே, வெப்ராளப்படாதீங்க."

எனக்கு நானே ஆறுதல் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

21 ஏப்ரல்

லீலாபாயிடம் இன்றுதான் சொன்னேன். "எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள்.

23 ஏப்ரல்

தந்தி மெய்தானா என்று யூனிட்டுக்காக விசாரிக்கப் போலீஸ்காரர் வந்தார். போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். வெக்கையில் வழிந்த வியர்வையைக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஜீப்பைக் கண்டு ஊரே வந்துவிட்டது. அடுத்த வீட்டுச் சரோஜம் கஞ்சி கொண்டுவந்தாள். என்னிடம் படித்த பொன்னையன் தலைமாட்டில் நின்று, "ஒண்ணும் பேடிக்காண்டாம். எமன் வந்தாலும் சாரு முட்டைதான் போடுவாரு" என்றான். சிரித்தார்கள். பிறகு சபையார் கட்டிலைச் சுற்றி முழங்காலிட்டு ஜெபித்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன் — ஜெபிப்பதற்கு அல்ல.

26 ஏப்ரல்

வில்சன் வந்தான். பெட்டியை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடிவந்தவன், நான் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்ல மக்கா."

தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகுதான் பேசினான். "எனக்க எடத்துல சிவதாணுவைப் போட்டிருக்கு. காட்டாக்கடைக்காரன். பெண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம். அவனுக்க லீவ வெட்டித்தான் என்னை விட்டாவ. எனக்க பெட்டியத் தூக்கிட்டு ஸ்டேஷன் வர வந்தான் அப்பா. 'அப்பனைப் பாத்துட்டு வா, இங்க நான் உண்டு'ன்னான்."

"அதிகாரிக்கு நான் எழுதுறேன். தப்பு எனக்கதுன்னு —"

"எழுதினா எனக்க கையில உள்ள பதவிப் பட்டை போவும். சும்மா இருங்க."

உண்மை சொல்வதற்கும் இனி எனக்கு வழியில்லை.

29 ஏப்ரல், ஞாயிறு

ஆராதனை முடிவில், சுகம் பெற்றதற்குச் சாட்சி சொல்லும்படி போதகர் என்னை அழைத்தார். எழுந்தேன். கையிலிருந்த பாட்டுப்புத்தகத்தை மூடினேன், திறந்தேன். பக்கத்தில் வில்சன் எழுந்தான். "அப்பாவுக்கு இப்ப நல்ல சுகம். ஜெபிச்ச எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றான்.

குரல் இடறவே இல்லை. பொய் சொன்னதற்காகச் சிறுவயதில் அவனைப் பிரம்பால் அடித்திருக்கிறேன்.

30 ஏப்ரல்

லீவு பாக்கியிருக்கப் புறப்பட்டுவிட்டான். அம்மாவிடம் "வாறேன்" என்றான். என்னிடம் தலையசைத்தான்.

11 ஜூன்

கடிதம் வந்தது. இதுவரை எல்லாம் என் பெயருக்கே வரும். இது லீலாபாய் பெயருக்கு.

அவளே பிரித்து உரக்க வாசித்தாள். யூனிட் முன்பே போய்விட்டிருந்ததாம். பின்னாலேயே பாலைவனத்துக்குப் போய்ச் சிவதாணுவை மாற்றி ஊருக்கு அனுப்பியிருக்கிறான். சிவதாணு காட்டாக்கடை வந்து சேருமுன் பெண்குழந்தை பிறந்துவிட்டது. சோற்றிலும் மணல், கண்ணிலும் மணல். சண்டை இன்னும் இல்லை. வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று எழுதியிருக்கிறான். அந்த வரியிலும் லீலாபாயின் குரல் தடுமாறவில்லை.

"என்னைப் பத்தி ஒண்ணும் இல்லியா?"

"கேட்டிருக்கான். சொகமான்னு."

மீன் கழுவ அவள் உள்ளே போனதும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு வரி இல்லை. இப்போது அவளும் எனக்காகப் பொய் சொல்கிறாள்.

ஏப்ரலில் எழுதியதைத் திருப்பிப் பார்க்கிறேன். இரண்டாவது சரிதான்: இன்னொருவன் அந்த வேலையைச் செய்தான். நாலாவதுதான் தவறு. தாங்க முடியாமல் போனது லீலாபாய்க்கு அல்ல.