பணிப்பாளர் குடித்த ஆற்றுத் தண்ணீர்

அண்ணை,

இன்று காலை, நகரத்தின் வில்லரேப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுத் தபால் பெட்டிக்குள் பசுமைக் கட்சியின் தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்று கிடந்தது. வழுவழுப்பான தாள், சிரிக்கிற வேட்பாளர். உங்களைத்தான் நினைத்தேன். அந்த நாளில் உங்கள் பசுமைக் கட்சியில் மொத்தம் பதினொரு பேர். தாள் கிடைக்காமல் பழைய சோவியத் சுவரொட்டிகளின் பின்பக்கத்தில் துண்டுப்பிரசுரம் எழுதினீர்களாம். முன்பக்கத்துத் தலைவரின் மீசை எழுத்துகளுக்கு ஊடாகத் தெரியுமாம்.

நாம் இருவரும் மெட்ரோவில் லொங்குய் போய் அலுவலகங்கள் துப்புரவு செய்த காலத்தில் நீங்கள் சொன்ன கதை அது. யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் சோவியத்துக்கு இரசாயனம் படிக்கப் போனவர் நீங்கள். படிப்பு முடிய முதல் அந்த நாடே முடிந்துவிட்டது. அதிலிருந்து பிரிந்த மொல்டோவாவில் தங்கி, அங்குள்ள பசுமைக் கட்சியில் சேர்ந்தீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"அவையின்ர கந்தோரிலதான், பிள்ளை, ஹீற்றர் வேலை செய்தது."

மெட்ரோவின் மஞ்சள் பாதையில் மூன்றே நிலையங்கள். உங்கள் கதை எதற்கும் அது போதாது. ஆற்றுத் தண்ணீர்க் கதையை மட்டும், இறங்கிய பிறகும் மேடையிலேயே நின்று கேட்டேன். இருவரும் வேலைக்குப் பிந்தினோம்.

அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று கழிவை ஆற்றில் விட்டது. நீங்கள் அந்தத் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போய், தொழிற்சாலைப் பணிப்பாளரிடம் நீட்டினீர்கள். "சுத்தமெண்டால் குடியுங்கோ." அவர் மறுப்பார் என்று கட்சி நம்பியிருந்தது. அவரோ வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை உங்களிடமே நீட்டினார்.

"மற்றப் பத்துப் பேரும் என்னைப் பாக்கினம். என்ன செய்யிறது, குடிச்சன்."

பின்னேரமே இருவரும் ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். இரண்டு நாள் பேச்சில்லை. இருந்தது ஒரே கழிப்பறை. யார் முந்துவது என்பது மட்டும்தான் அரசியல். மூன்றாம் நாள் அவர் மெல்லக் கேட்டாராம்: "உண்மையா அதுக்குள்ள என்ன இருக்கு?" ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் நீந்துகிற ஆறு அது. மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அடுத்த வருடம் வடிகட்டும் தொட்டி கட்டினார். அதற்கடுத்த நகரசபைத் தேர்தலில், ஆற்றைச் சுத்தம் செய்தவர் என்று சொல்லி, உங்களையே தோற்கடித்தார்.

"கோவம் வரேல்லையோ, அண்ணை?"

"வந்தது. பேந்து ஆத்தடிக்குப் போய்ப் பாத்தன். மீன் நிண்டுது. விட்டிட்டன்."

நீங்கள் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. போன மாதம் எங்கள் புது மேற்பார்வையாளர், கடதாசியையும் குப்பையையும் ஒரே பையில் போடச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிப் பழகிய நான், மாட்டேன் என்றேன். காரணம் சொல்லப் போனபோது பிரெஞ்சு பாதியில் காலை வாரியது. மீதியைத் தமிழிலேயே சொன்னேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்து வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இரண்டு நாளில் கடதாசிக்கென்று தனிப்பெட்டிகள் வந்தன. திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் கூட்டி வைத்து, அது தன்னுடைய யோசனை என்றார் மேற்பார்வையாளர்.

உங்கள் பிடிவாதம் என்னிடம் இருக்கிறது, அண்ணை. அந்தப் பெரிய மனம் இன்னும் வரவில்லை. கையை உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், அது என்னுடைய யோசனை" என்று பிரெஞ்சில் சொன்னேன். ஒரு பிழையும் இல்லாமல்.