உப்பில்லாத உருண்டை

12-7-1999, திங்கள்

தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பட்டுச் சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைப் போடுகிறேன். அப்பா சாப்பிட எழுந்தால் தறி நிற்கலாம். நான் எழுந்தால் நிற்கக் கூடாது. குழம்புக் கை பட்டால் பட்டில் கறை படியுமாம். அதனால் தினமும் மதியம் அம்மா சோற்றை உருட்டி என் வாயில் திணிக்கிறாள். நாடாவைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறேன்.

இன்று எனக்கு ஊட்டி முடித்த பிறகு அப்பா சாப்பிட்டார். முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினார்.

"கொழம்புல உப்பே இல்ல. நீ துன்னியே, சொல்லக் கூடாதாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவே இல்லை.

"அதுக்கு இன்னா தெரியும்பா? வைக்கோலப் போட்டாலும் முழுங்கிக்கினு இருக்கும்" என்றான் அண்ணன். அம்மாவும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ராத்திரி அதே குழம்பில் நானே உப்புப் போட்டு, என் கையால் பிசைந்து, மெல்ல மென்று தின்றேன். பூண்டு இருந்தது. புளிப்பு தெரிந்தது. மதியம் ஆறு உருண்டை இறங்கும் வயிறு, மூன்று கவளத்திலேயே போதும் என்றது.

"இன்னாடி இவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா.

நாளைக்கு அவள் உருண்டையோடு வந்தால் வாயைத் திறக்க மாட்டேன். எழுந்து போய்த் தட்டுப் போட்டு உட்காருவேன். எனக்காகவும் அந்தத் தறி நிற்கட்டும்.