வெயில் போட்ட அம்மை

அன்புள்ள நைனாவுக்கு,

உன் மூட்டுவலியும் அம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்பும் மதி, தூத்துக்குடியிலிருந்து எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே பஸ் ஏறிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் என் முகமும் கையும் சிவந்து கொப்புளம் போட்டன. வீட்டுக்கார பாக்கியம் அக்கா, "ஏல, அம்மா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை கட்டினார். "எங்கம்மா வியாசர்பாடில கீதுக்கா, எப்ப வந்துச்சு?" என்றேன். வாயிலேயே போட்டார். பிறகு இளநீர், கூழ் என்று ஏக மரியாதை.

ஆனால் அம்மை கண்டவன் மருந்து தொடக் கூடாதாம். குரல் கேட்காமலிருக்க நான் போடும் மாத்திரையையும் எடுத்து வைத்துவிட்டார். தூக்கம் போனது. பழைய குரல்கள் எட்டிப் பார்த்தன. பயந்து நானே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"அம்மை இல்ல தம்பி. இந்த மாத்திரைக்கும் வெயிலுக்கும் ஆகாது. மாத்தித் தாரேன், நீயா நிறுத்தாத" என்றார் டாக்டர். இப்போது தோல் ஆறிவிட்டது, குரல்களும் போய்விட்டன. துறைமுகச் சரக்கு யார்டில் இனி நிழலில்தான் வேலை.

எம்.கே.பி. நகர் மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காத்தாடி விட்டோமே, அந்த வெயில் ஒருநாளும் சுட்டதில்லை நைனா.

என் முழுக்கைச் சட்டையை அனுப்பு. அப்புறம், அங்கே மாத்திரை போட்டதும், "நாக்கத் தூக்குடா, இன்னா ஒளிச்சு வச்சிகினு கீற?" என்பாயே. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டு அதை மட்டும் கேள். நீ பார்க்க முடியாவிட்டாலும் தூக்கிக் காட்டுகிறேன்.

லாரி வந்துவிட்டது.

உன் மதி